காலுக்கேற்ற ஷூ, மண்ணுக்கேற்ற ஸ்டட்

கோலார் தங்கவயலின் இறுகிய மண்ணில் பந்தாடும் குழந்தைகளுக்குத் தேவை விலை உயர்ந்த ஷூ அல்ல, பொருத்தமான ஷூ. கடையில் பெற்றோர் செய்யும் சின்னத் தவறுகளுக்குக் குழந்தையின் குதிகாலும் முழங்காலும் விலை கொடுக்கின்றன.

பள்ளி விட்ட அரை மணி நேரத்தில் கோலார் தங்கவயலின் மைதானங்கள் நிறைந்துவிடுகின்றன. பின்னணியில் சாம்பல் நிறத்தில் சயனைடு மேடுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம் கொட்டிக் குவித்த கழிவு மண் அது. முன்னால், செம்மண்ணும் சரளையும் கலந்த தரையில் ஒரே பந்தை விரட்டியபடி இருபது முப்பது சிறுவர்கள். சிறுமிகளும் இப்போது உண்டு. அவர்களுடைய கால்களைப் பார்த்தாலே வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். ஒருவனுக்குப் பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூ. இன்னொருவனுக்கு அண்ணன் போட்டுக் கழித்த ஸ்டட், முனையில் துணி திணித்தது. ஒருவனுக்குப் பளபளக்கும் புது ஸ்டட். இரண்டு பேர் வெறுங்கால்.

இவர்களில் யாருக்கு அடிபடும் வாய்ப்பு அதிகம்? வெறுங்காலோடு ஆடுபவனுக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கல் குத்தும், கண்ணாடிச் சில்லு கிழிக்கும், எதிராளியின் ஷூ மிதிக்கும். உண்மைதான். ஆனால் அந்தப் புது ஸ்டட்டுக்காரனும் பத்திரமாக இல்லை. அவன் காலில் இருப்பது மெத்தென்ற புல்தரைக்காக வடிவமைக்கப்பட்ட ஷூ. காய்ந்து இறுகிய மண்ணில் அதன் அடிப்புற முளைகள் இறங்குவதே இல்லை. பையன் ஒரு டஜன் பிளாஸ்டிக் முளைகளின் மேல் நின்று ஓடுகிறான், திரும்புகிறான், குதிக்கிறான். இரவு படுக்கும்போது குதிகால் வலிக்கிறது. வீட்டில் சொல்வதில்லை. அப்பா எவ்வளவு யோசித்து அந்த ஷூவை வாங்கினார் என்பது அவனுக்குத் தெரியும். வலியைச் சொன்னால் ஷூ மட்டுமல்ல, ஆட்டமே போய்விடும் என்பதும் தெரியும்.

குழந்தைகளுக்கு விளையாட்டு ஷூ வாங்குவது இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் உழைக்கும் குடும்பங்களிலும் ஒரு முக்கியமான செலவு. விளம்பரங்கள் நட்சத்திர வீரர்களைக் காட்டுகின்றன. கடைக்காரர் நிறத்தைக் காட்டுகிறார். பெற்றோர் விலையைப் பார்க்கிறார்கள். யாரும் பார்க்காதவை இரண்டு: குழந்தை ஆடும் தரை, குழந்தையின் இன்றைய பாதம்.

வெறுங்கால் வீரர்கள்

ஷூ இல்லாமல் பந்தாடுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் அது தேசத்தின் பெருமையாகவே இருந்தது. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்த மோகன் பகான் அணியில் ஷூ அணிந்தவர் ஒரே ஒருவர். மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை வென்றார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியிலும் பெரும்பாலானவர்கள் வெறுங்கால்கள்தான். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணடித்தும் இந்தியா 1-2 என்ற கணக்கில்தான் தோற்றது. இந்தியாவின் கோலை அடித்தவர் பெங்களூருக்காரரான சாரங்கபாணி ராமன்.

அன்றைய பூட்ஸின் லட்சணமும் ஒரு காரணம். கணுக்காலை மூடும் கனத்த தோல், ஆணி அடித்துப் பொருத்திய தோல் முளைகள். நனைந்தால் எடை இன்னும் கூடும். பந்தின் மேல் பாதத்தின் உணர்வையே நம்பி ஆடப் பழகியவர்களுக்கு அது விலங்கு மாட்டியது போலத்தான் இருந்திருக்கும்.

கணக்குத் தவறியது 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில். குளிரிலும் ஈரத்திலும் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. அந்த ஒற்றை கோலை அடித்த அகமது கானும் பெங்களூரு மண்ணில் வளர்ந்தவர்தான். அதன் பிறகே அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பூட்ஸ் அணிந்த இந்தியா நான்காம் இடம் பிடித்தது.

இரண்டு ஆட்டங்களும் சொல்லும் பாடம் ஒன்றே. லண்டனில் ஈடுகொடுத்த வெறுங்கால் ஹெல்சிங்கியின் ஈரத்தில் வழுக்கியது. காலும் தரையும் பொருந்தினால்தான் ஆட்டம். இதை உலகத்துக்கு உரக்கச் சொன்னது 1954 உலகக் கோப்பை இறுதியாட்டம். பெர்ன் நகரில் மழை கொட்டிய அந்த நாளில் மேற்கு ஜெர்மனி வீரர்களின் காலில் இருந்தவை அடி டாஸ்லரின் அடிடாஸ் நிறுவனம் செய்த, எடை குறைந்த, முளைகளைக் கழற்றி மாட்டக்கூடிய ஷூக்கள். சேற்றுக்கு ஏற்ற நீளமான முளைகளைத் திருகிக்கொண்டு ஆடிய அணி, யாராலும் வெல்ல முடியாது என்று கருதப்பட்ட ஹங்கேரியை 3-2 என்று வீழ்த்தியது. வெற்றிக்கு ஷூ மட்டும் காரணமல்ல. ஆனால் தரையைப் பார்த்து முளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து நிலைத்தது.

தங்கம் போனது, பந்து இருக்கிறது

தங்கவயலின் விளையாட்டுப் பழக்கம் சுரங்கத்தோடு வந்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் கிளப்பும் மைதானமும் அமைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாக்களின் பிள்ளைகள் மேலே மண்ணில் கால்பந்தும் ஹாக்கியும் ஆடினார்கள். அப்போது தங்கவயலை உள்ளடக்கியிருந்த மைசூர் மாநிலத்தின் அணி 1946-47இலும் 1952-53இலும் சந்தோஷ் டிராபியை வென்றது. 1967-68, 1968-69 ஆண்டுகளில் மீண்டும் அடுத்தடுத்து இரண்டு முறை. அதன் பிறகு கர்நாடகம் அந்தக் கோப்பையைத் தொட 2023 மார்ச் வரை, 54 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நிறுவனத்தின் சம்பளமும் சலுகைகளும் போயின. ‘பெமல்’ தொழிற்சாலை உள்ளூரில் வேலை தருகிறது என்றாலும், ஆயிரக்கணக்கானோர் அதிகாலையில் மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். மைதானங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மழைக் காலத்தில் சேறு. மற்ற மாதங்களில் பாறைக்கு நிகரான தரை. புல் என்பது ஓரங்களில் மட்டும்.

இந்த வாழ்க்கை முறைதான் ஷூ விஷயத்தில் முதல் தவறுக்குக் காரணமாகிறது. வேலை முடிந்து ரயில் பிடிக்க ஓடும் அப்பா, பெங்களூரில் வழியில் உள்ள கடையில் ஷூ வாங்குகிறார். பையன் உடன் இல்லை. பள்ளி ஷூவின் சைஸ் மட்டும் நினைவில் இருக்கிறது. “ரெண்டு சைஸ் பெரிசா குடுங்க, பையன் வளர்றான்” என்கிறார். கடைக்காரர் தலையாட்டுகிறார்.

பெட்டி மேல் இருக்கும் எழுத்துகள்

கால்பந்து ஷூ பெட்டியின் மேலோ ஷூவின் நாக்கிலோ இரண்டு எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான பெற்றோர் அதைக் கவனிப்பதில்லை. விலைச் சீட்டைவிட முக்கியமானது அதுதான்.

‘எஃப்.ஜி.’ என்றால் உறுதியான, இயற்கையான புல்தரைக்கானது. ஷூவின் அடிப்பாகத்தோடு சேர்த்து வார்த்த, நடுத்தர உயரமுள்ள பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். தொலைக்காட்சியில் நட்சத்திரங்களின் காலில் அதிகம் தெரிவதும், கடைக் கண்ணாடியில் முன்வரிசையில் நிற்பதும் இதுதான். ‘எஸ்.ஜி.’ என்றால் மழையில் ஊறிய மெத்தென்ற தரைக்கானது. பெரும்பாலும் ஆறு முளைகள், நீளமானவை, உலோக முனை கொண்டவை, திருகிக் கழற்றக்கூடியவை. குழந்தைகளுக்கு இது தேவையே இல்லை. ‘ஏ.ஜி.’ என்றால் செயற்கைப் புல்லுக்கானது. முளைகள் குட்டையாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். ‘டி.எஃப்.’ அல்லது ‘டர்ஃப்’ என்பது அடிப்பாகம் முழுக்கப் பொடிப் பொடியான ரப்பர் முளைகள் கொண்டது. குதிகாலுக்கடியில் மெத்தை போன்ற ஓர் அடுக்கும் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘டர்ஃப்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, செயற்கைத் தரை இல்லாத ஊருக்கு இது எதற்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் தங்கவயல் போன்ற, அல்லது மதுரை, திருச்சி, வேலூர் பள்ளி மைதானங்கள் போன்ற இறுகிய மண்தரைக்கு மிகவும் ஏற்றது அதுதான். எடை பல சிறு முளைகளில் பரவுகிறது. ரப்பர் அதிர்ச்சியை ஓரளவு வாங்கிக்கொள்கிறது. பெரும்பாலும் எஃப்.ஜி. ரகத்தைவிட விலையும் குறைவு. மழை மாதங்களில் தரை இளகும்போது மட்டும் குட்டையான வார்ப்பு முளைகள் கொண்ட ஷூ உதவும். ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால், ஆண்டில் அதிக மாதங்கள் தரை எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஸ்டட் ஷூவே அவசியமில்லை. பாதத்தைச் சரியாகப் பிடிக்கும் சாதாரண விளையாட்டு ஷூ போதும்.

முழங்கால் கொடுக்கும் விலை

முளை நீளமாக இருந்தால் பிடிப்பு அதிகம், பிடிப்பு அதிகமானால் ஆட்டம் நன்றாக இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. பாதி உண்மை. பிடிப்பு அளவுக்கு மீறினால் பாதம் தரையில் ஊன்றி நிற்கும், உடல் திரும்பும், இடையில் மாட்டிக்கொண்ட முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

இதை முதலில் எண்ணிக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் ஜோசப் டோர்க். பிலடெல்பியா நகர உயர்நிலைப் பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் மாணவர்களிடம் அவர் நடத்திய ஆய்வு 1971இல் வெளியானது. முக்கால் அங்குல நீளத்தில் ஏழு முளைகள் கொண்ட வழக்கமான ஷூவுக்குப் பதிலாக, அதில் பாதி நீளத்தில் 14 முளைகள் கொண்ட ஷூவை மாணவர்கள் அணிந்தபோது முழங்கால் காயங்களின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்தன. 1996இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு 3,119 பள்ளி வீரர்களைக் கவனித்தது. ஷூ விளிம்பில் நீளமான, ஒழுங்கற்ற முளைகளும் உட்புறத்தில் சிறு முளைகளும் கொண்ட வடிவத்தை அணிந்தவர்களுக்கு, முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழியும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது அதன் முடிவு. இரண்டும் வேறு விளையாட்டு, வேறு தரை. ஆனால் முழங்காலின் இயக்கம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

செயற்கைப் புல் மைதானங்கள் பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. சிறு ஊர்களிலிருந்து போட்டிக்குப் போகும் குழந்தைகள் மண்தரையில் ஆடிய அதே எஃப்.ஜி. ஷூவோடு அங்கே இறங்குகிறார்கள். மண்ணில் இறங்காத முளை செயற்கைப் புல்லில் ஆழமாகச் சிக்குகிறது. இங்கே வழுக்கல், அங்கே சிக்கல். டர்ஃப் ஷூ இரண்டு இடத்திலும் ஓரளவு ஒத்துழைக்கும் என்பது அதன் இன்னொரு சௌகரியம்.

எதிராளியின் காலையும் மறக்கக் கூடாது. சரளையில் உரசி உரசி பிளாஸ்டிக் முளைகளின் ஓரம் கத்தி போலக் கூராகிவிடும். ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் ஷூவைத் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான். பயிற்சி ஆட்டத்தில் நடுவர் இல்லை. ஆகவே வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது பெற்றோரின் வேலை. கால்பந்து விதிகள் முழங்காலுக்குக் கீழே அணியும் பாதுகாப்புத் தகட்டையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதை வாங்கும் பணத்தை ஷூவின் பளபளப்புக்குச் செலவிடுவதில் அர்த்தமில்லை.

17 மில்லிமீட்டர் கதை

‘ரெண்டு சைஸ் பெரிசு’ என்ற வழக்கத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியக் கடைகளில் பரவலாக உள்ள பிரிட்டிஷ் அளவு முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடையே மூன்றில் ஒரு அங்குலம், அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு சைஸ் என்றால் 17 மில்லிமீட்டர். சரியான ஷூவிலேயே மிக நீளமான விரலுக்கு முன்னால் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இடம் விட வேண்டும். ஆக மொத்தம் விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஓர் அங்குல வெற்றிடம். ஒவ்வொரு முறை பையன் பிரேக் போடும்போதும் பாதம் முன்னால் சறுக்கி முனையில் இடிக்கிறது. நகம் கறுக்கிறது. குதிகால் மேலெழும்பி உரசி, கொப்புளம் போடுகிறது. ஷூ வளைய வேண்டிய இடம் விரல் மூட்டுக்கு நேராக இல்லாமல் தள்ளிப்போகிறது. துணி திணித்தால் இந்த எதுவும் சரியாகாது.

சிறிய ஷூவும் அதே அளவு கெடுதல். விரல்களை மடக்கிக்கொண்டு ஓடும் குழந்தை அதைச் சொல்லாது. இடைவேளையில் முதல் வேலையாக ஷூவைக் கழற்றும். கழற்றிய பாதத்தில் சிவந்த தடம் இருக்கும். இவைதான் அடையாளம்.

அளவு எடுக்கும் முறை எளிது. செலவு ஒரு பழைய செய்தித்தாள். பாதம் சற்று விரிந்திருக்கும் மாலை நேரத்தில், விளையாடும்போது போடும் காலுறையோடு குழந்தையைத் தாள்மேல் நிற்க வைக்க வேண்டும். உட்கார வைத்து எடுத்தால் அளவு குறையும். பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட வேண்டும். குதிகாலிலிருந்து மிக நீளமான விரல் வரை சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். இரண்டு பாதமும் சமமாக இருப்பது அபூர்வம். பெரிய பாதத்துக்குத்தான் ஷூ. அகலமான இடத்தையும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது. இணையக் கடைகளில் வாங்குபவர்கள் சைஸ் எண்ணை நம்பாமல், நிறுவனம் தரும் சென்டிமீட்டர் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் 3, இன்னொன்றின் 3 அல்ல.

அகலம் இந்தியர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானவை என்று தெரியவந்தது. அகலம் போதவில்லை என்பதாலேயே பலர் நீளமான சைஸ் வாங்கிக்கொள்கிறார்கள். பெண்களின் பாத வளர்ச்சி 11 வயதை ஒட்டியும் ஆண்களுடையது 15, 16 வயதிலும் உச்சம் தொடுவதாகவும் ஆய்வு கண்டது. இதன் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே ஓர் அளவு முறை உருவாக்கப்பட்டது. பாரதத்தின் முதல் எழுத்து அது.

கால்பந்து ஷூக்கள் பொதுவாகவே ஒடுக்கமானவை. ரெக்சின் போன்ற செயற்கை மேல்பாகம் தோலைப் போல நெகிழ்ந்து கொடுக்காது. ‘போடப் போடச் சரியாகிவிடும்’ என்ற கடைக்காரரின் வாக்கு தோல் ஷூவுக்குத்தான் பொருந்தும். கடையில் போட்டுப் பார்க்கும்போதே சுண்டுவிரல் ஓரம் நெருக்கினால் அந்த ஷூ வேண்டாம்.

குதிகால் சொல்லும் செய்தி

எட்டிலிருந்து பதினான்கு வயது வரை ஓடியாடும் குழந்தைகளுக்குக் குதிகாலின் பின்புறம் வலிப்பது மிகச் சாதாரணம். குதிகால் எலும்பின் வளரும் பகுதி இன்னும் முழுமையாக இறுகாத வயது அது. கெண்டைக்கால் தசை பின்னாலிருந்து இழுக்க, கெட்டித் தரை கீழிருந்து இடிக்க, அந்த இடம் புண்பட்டுப் போகிறது. மருத்துவர்கள் இதை ‘சீவர்’ நோய் என்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்தும். வளர்ச்சி முடிந்ததும் தானாகவே போய்விடும், நிரந்தர ஊனம் எதுவும் வராது. ஆனால் அதற்குள் பல குழந்தைகள் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஸ்டட் ஷூ இந்த வலியைத் தூண்டும். குதிகாலுக்கு நேர் கீழே முளைகள் நின்றால் இன்னும் மோசம். சில வாரங்கள் ஓட்டத்தைக் குறைப்பது, கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சி, ஷூவுக்குள் மெத்தென்ற குதிகால் திண்டு, இறுகிய தரையில் ஸ்டட்டுக்குப் பதில் டர்ஃப் ஷூ. பெரும்பாலும் இவையே போதும். நொண்டி நடந்தாலோ வீக்கம் இருந்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்’ என்று தள்ளிவிடுவதும் தவறு, ‘இனி விளையாடாதே’ என்று தடுப்பதும் தவறு.

வாங்கும்போது மூன்று சோதனைகள். ஷூவை இரு முனையிலும் பிடித்து மடக்கினால் விரல் மூட்டு வரும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். குதிகாலைப் பின்புறமிருந்து கட்டை விரலால் அழுத்தினால் உறுதியாக நிற்க வேண்டும். மேல்பாகமும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் பசை மட்டுமின்றித் தையலும் இருந்தால் சரளைத் தரையில் கூடுதல் காலம் தாங்கும். வாங்கிய பிறகு முதல் வாரம் தினமும் கொஞ்ச நேரம் வீட்டுப் பக்கத்திலேயே போட்டுப் பழக வேண்டும். போட்டி நாளன்று புது ஷூ போட்டுக்கொண்டு போவது கொப்புளத்துக்கு அழைப்பு.

மற்ற ஆட்டங்களுக்கும் கொள்கை இதுவேதான். கிரிக்கெட்டில் உலோக ஸ்பைக்ஸ் புல் ஆடுகளத்துக்கு மட்டும். மேட்டிங்கிலும் சிமெண்டுத் தளத்திலும் ரப்பர் ஸ்டட் போதும். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்து செயற்கைத் தரைக்கு மாறிவிட்ட ஹாக்கிக்கு டர்ஃப் ரக ஷூவே ஏற்றது. ஒரு விளையாட்டுக்கு வாங்கியதை எல்லா விளையாட்டுக்கும் போடலாம் என்றால், அந்தத் தகுதியும் பொடி முளை ரப்பர் ஷூவுக்கே உண்டு.

அண்ணன் ஷூ, தம்பி கால்

பணம் இல்லாத வீட்டில் இந்த யோசனைகள் எல்லாம் எப்படி எடுபடும்? நியாயமான கேள்வி. பத்து வயதுக் குழந்தையின் ஷூ கிழிவதற்கு முன்பே பாதம் அதைத் தாண்டிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முனையை அழுத்திப் பார்த்தால் தெரியும். அதனால்தான் பெரிய சைஸ் ஆசை வருகிறது.

அதே உண்மையில்தான் தீர்வும் இருக்கிறது. கிழிவதற்கு முன்பே சிறியதாகிவிட்ட ஷூ ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஒரு பள்ளியோ கிளப்போ ஓர் அலமாரி ஒதுக்கி, சிறியதாகிப்போன ஷூக்களை சென்டிமீட்டர் அளவு எழுதி அடுக்கி வைத்தால், ஒரு குழந்தை கழற்றியதை அளவு சரியான இன்னொரு குழந்தை எடுத்துக்கொள்ளலாம். பழைய ஷூ என்பதால் கெடுதல் இல்லை. அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்ததும், குதிகால் தளர்ந்ததும்தான் கூடாது. அப்படிப்பட்ட ஷூ முதல் உரிமையாளரின் நடையை இரண்டாமவன் மேல் திணிக்கும். மற்றபடி, சரியான அளவுள்ள பழைய ஷூ பெரிய சைஸ் புது ஷூவைவிட எவ்வளவோ மேல்.

ஒரு முரண்பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. தங்கவயலுக்குத் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மேல் இருக்கிறது. அதே பாலாற்றின் கரையில், தமிழக எல்லைக்குள், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஊர்கள் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. செய்யாறில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கி நிறுவனத்துக்காக ஷூ தயாரிக்கிறது. சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிய வட ஆர்க்காடு மண் இது. அகலமான இந்தியப் பாதத்துக்கு, இறுகிய இந்திய மண்ணுக்கு, சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஒரு நல்ல குழந்தை ஷூ செய்யும் கைத்திறன் இந்த ஆற்றங்கரையில் இல்லாமலா போய்விடும்? பாதங்களை அளந்தாகிவிட்டது. இனி தைக்க வேண்டியதுதான் பாக்கி.

அதுவரை தங்கவயல் அப்பாக்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதிகாலை ரயிலுக்குப் புறப்படும்போது சட்டைப் பையில் பயணச் சீட்டோடு, முந்தின நாள் மாலை மகனோ மகளோ நின்று வரைந்த செய்தித்தாள் பாதத்தையும் மடித்து வைத்துக்கொள்ளலாம். கடைக்கு வர முடியாத குழந்தைக்குப் பதிலாக அந்தத் தாள் வரும். ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து, வரைந்த பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தால், முன்னால் விரற்கடை இடம் இருக்கிறதா, பக்கவாட்டில் கோடு வெளியே பிதுங்குகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். கடைக்காரர் சிரிக்கலாம். இரவில் குதிகால் வலி இல்லாமல் தூங்கும் குழந்தைக்காக அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்.